ஒரு கை மட்டும் கடித்த நட்சத்திரம்: திரும்பி வந்த பள்ளிச் சாப்பாட்டு டப்பா பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. காலை ஏழு மணிக்குக் கட்டும் சாப்பாட்டை மதியம் பன்னிரண்டரைக்குத் திறப்பாள். நாலு மணிக்கு டப்பா வீடு திரும்பும். வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே அது பாதிக்கு மேல் நிரம்பியபடி திரும்ப ஆரம்பித்தது. வாசலில் பையைப் போட்டதும் நேராக பிஸ்கட் டின்னிடம் போவாள். கை கழுவச் சொன்னால் காதில் விழாது. பசி இல்லை என்று சொல்லவே முடியாது. காலையிலிருந்து சேர்ந்த பசி அத்தனையும் அந்த டின்னின் மேல் இறங்கியது.

மருத்துவரிடம் காட்டினோம். உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறி வந்தன. வயிற்றுவலி, மலச்சிக்கல் எதுவும் இல்லை. இரவு வீட்டில் அதே சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சாப்பிட்டுவிடுகிறாள். டப்பாவில் வைத்துக் கொடுத்தால் திரும்பி வருகிறது. அதே குழந்தை, அதே சாப்பாடு. அப்படியென்றால் ஏழு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எட்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே விரிக்கிறேன்.

எங்கள் வீட்டில் டப்பா கட்டுவது என் வேலை. என் மனைவி விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை நான் செய்தவை.

முதல் இரண்டு வாரம்

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றவில்லை. வழக்கம்போல் கட்டினேன்; மாலையில் திறந்து, என்ன மீந்திருக்கிறது என்று எழுதினேன். பத்து நாளில் ஏழு நாள் பாதிக்கு மேல் மீந்தது. பழம் பத்து நாளில் எட்டு நாள் முழுசாக வந்தது. பிரெட்டின் ஓரம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. தயிர் மட்டும் தினமும் வழித்துத் தின்னப்பட்டிருந்தது.

இந்த விவரத்தை முதல் வாரமே சரியாகப் படித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். தயிர் மென்மையானது, கடிக்க வேண்டாம், ஸ்பூன் போதும். முழு ஆப்பிளையும் பிரெட் ஓரத்தையும் முன்பல்லால் கடிக்க வேண்டும். நான் இதைப் பார்க்கவில்லை. “சாப்பாடு அவளுக்குப் பிடிக்கவில்லை, பார்க்க அழகாக இருந்தால் சாப்பிடுவாள்” என்று முடிவு கட்டிவிட்டேன்.

அழகுபடுத்திய வாரம்

மூன்றாவது வாரம் முழுக்க அலங்காரம். அச்சு வாங்கி பிரெட்டை நட்சத்திரமாக வெட்டினேன். வெள்ளரி பூவாயிற்று, கேரட் வட்டத்துக்குக் கண் வந்தது. காலையில் நாற்பது நிமிடம் போனது. காலையில் டப்பாவைத் திறந்து காட்டியபோது மகள் கை தட்டினாள். மாலையில் அதே டப்பாவில் நட்சத்திரம் இருந்தது. ஐந்து கையில் ஒன்று மட்டும் கடித்திருந்தது. அதுவும் நேராக இல்லை, பக்கவாட்டில் சாய்வாக. கடித்த விளிம்பு கிழிந்த துணி மாதிரி இருந்தது.

அந்தக் கடியை நோட்டில் வரைந்து வைத்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பிற்பாடு அதுதான் உதவியது.

அடுத்து பேரம். “டப்பாவைக் காலி பண்ணினால் இனிப்பு.” மூன்று நாள் டப்பா காலியாகவே வந்தது. நான்காம் நாள் பையின் அடியில், கணக்கு நோட்டுக்குக் கீழே, டிஷ்யூ பேப்பரில் சுற்றிய சோறு கிடைத்தது. நான் திட்டவில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டது காலி டப்பா. அவள் கொண்டுவந்து கொடுத்ததும் அதைத்தான்.

குழந்தைகளுக்கு உணவூட்டுவது பற்றி எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பொறுப்புப் பிரிவினை பலருக்குத் தெரிந்திருக்கும். எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. இனிப்பைக் காட்டிப் பேரம் பேசியபோது நான் அவள் பங்கில் கை வைத்துவிட்டேன். அன்றே பேரத்தை நிறுத்தினேன். நிறுத்தியதால் உடனே டப்பா காலியாகிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எதையும் ஒளிக்கவில்லை, மீந்தது மீந்தபடியே வந்தது. ஆய்வுக்கு அதுதான் வேண்டும்.

சனிக்கிழமைச் சோதனை

நான்காம் வாரச் சனிக்கிழமை ஒரு காரியம் செய்தோம். பள்ளி நாள் மாதிரியே காலை ஏழு மணிக்கு டப்பா கட்டி, பள்ளிப் பையிலேயே வைத்து, பையை ஹாலின் மூலையில் போட்டுவிட்டேன். யாரும் தொடவில்லை. பன்னிரண்டரைக்கு மகளும் நானும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்தேன். “பள்ளியில் எப்படித் திறப்பாயோ அப்படியே திற. அப்பா உதவி செய்ய மாட்டேன், பார்க்க மட்டும்தான் போகிறேன்” என்றேன்.

மூடிக்கு நான்கு பக்கமும் கொக்கி. இரண்டைத் திறந்துவிட்டாள். மூன்றாவதில் நகம் வழுக்கியது. டப்பாவை மடியில் இடுக்கி, முழங்காலால் அழுத்தி, பல்லைக் கடித்து இழுத்தாள். நான்கும் திறந்தும் மூடி வரவில்லை, உறிஞ்சிப் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் “டப்” என்ற சத்தத்தோடு வந்தபோது மூடியின் உட்புறத்திலிருந்த தண்ணீர் அவள் சட்டையில் தெறித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் தாண்டியிருந்தது.

உள்ளே சோறு ஒரே கட்டியாக இறுகியிருந்தது, ஸ்பூனை நட்டால் கட்டி முழுதும் எழுந்து வந்தது. தக்காளி வைத்த பிரெட்டின் அடிப்பக்கம் ஊறிப்போய் விரலில் ஒட்டியது. ஆப்பிள் துண்டுகள் பழுப்பாகியிருந்தன. அவித்த முட்டையின் வாசனை முகத்தில் அடித்தது. நான் ஒரு வாய் சோறு எடுத்து வைத்தேன். ஏழு மணிக்கு ருசி பார்த்துக் கட்டியது நான்தான். இது அந்தச் சாப்பாடே இல்லை.

ஆரஞ்சை உரிக்க நாலு நிமிடம் ஆனது. கேரட் குச்சி ஒன்றை மென்று முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல். கடிகாரம் அடித்தபோது டப்பாவில் பாதி அப்படியே இருந்தது. “பாத்தியாப்பா, பெல் அடிச்சுட்டாங்க” என்றாள், ஏதோ அவள்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி.

அன்றிலிருந்து கட்டும்போது இருக்கும் சாப்பாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். திறக்கும்போது இருக்கும் சாப்பாட்டைத்தான் பார்க்கிறேன். இதற்குப் பின் செய்த மாற்றம் எல்லாமே அதிலிருந்து வந்தவை.

நேரம்

திங்கட்கிழமை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். இடைவேளை அரை மணி நேரம். அதில் வரிசையாகப் போய்க் கை கழுவ வேண்டும், பையை எடுக்க வேண்டும், இடம் பிடிக்க வேண்டும். முடித்தவர்கள் விளையாடப் போகலாம். உண்மையில் உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது பதினைந்து, மிஞ்சினால் இருபது நிமிடம். அதிலும் பக்கத்து வீட்டுத் தோழி எழுந்து ஓடியதும் இவள் மனமும் கூடவே ஓடிவிடுகிறது.

இது எங்கள் மகளுக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. ஜூலியானா கோஹன் குழுவினர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் மாணவர்கள் தட்டில் மிச்சம் வைத்ததை அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்தவர்கள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முதன்மை உணவை 13 சதவீதமும் காய்கறியை 12 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். யூட்டா மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் ஜோசப் பிரைஸும் டேவிட் ஜஸ்ட்டும் செய்த இன்னொரு ஆய்வு 2015-இல் வந்தது. விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிய பள்ளிகளில் பழமும் காய்கறியும் சாப்பிடுவது பாதிக்கு மேல் கூடியது. ஓடி விளையாட வேண்டும் என்ற அவசரம் தீர்ந்த பிறகு உட்கார்ந்தால் குழந்தை நிதானமாகச் சாப்பிடுகிறது.

நேர அட்டவணையை மாற்ற முடியுமா என்று பள்ளியில் கேட்டேன். இந்த ஆண்டு முடியாது என்றார்கள். சரி, நேரத்தை நீட்ட முடியாவிட்டால் டப்பாவைத்தான் பதினைந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். திறக்க, உரிக்க, பிய்க்க என்று ஒரு நிமிடமும் போகக்கூடாது.

மூடியும் சூடும்

மூடி ஏன் ஒட்டிக்கொண்டது? சூடான சோற்றைப் போட்டு இறுக மூடினால் உள்ளே இருப்பது சூடான காற்றும் நீராவியும். ஆறும்போது ஆவி தண்ணீராகிவிடும், காற்றும் சுருங்கும். உள்ளழுத்தம் குறைய, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நின்ற தண்ணீரும் அந்த ஆவிதான். அது சொட்டிச் சொட்டித்தான் பிரெட் ஊறிப்போனது.

ஆறவைத்து மூடினால் இரண்டும் தீர்ந்துவிடும். ஆனால் அங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்படி 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் பெருகும் இடம்; சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறைகிறது என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. எங்கள் டப்பா ஐந்தரை மணி நேரம் பையில் இருக்கிறது. சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி சூடு காட்டினாலும் போகாது.

வெதுவெதுப்பான டப்பா பாதுகாப்பானது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சூடாகத் தருவதென்றால் திறக்கும்வரை சூடாகவே இருக்க வேண்டும். குளிர்ச்சியாகத் தருவதென்றால் திறக்கும்வரை குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். நடுவில் வேறு வழியில்லை.

சூட்டுக்கு அகன்ற வாயுள்ள சின்ன ஃபிளாஸ்க். அதில் வெறுமனே சோற்றைப் போட்டால் சூட்டில் ஒரு பகுதியை ஃபிளாஸ்க்கின் உட்சுவரே வாங்கிக்கொள்ளும். முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாப்பாட்டை உடனே நிரப்ப வேண்டும். விடுமுறை நாளில் இரண்டு விதமாகவும் வைத்துப் பன்னிரண்டரைக்கு உணவு தெர்மாமீட்டரால் பார்த்தேன். முன்சூடு செய்யாத நாள் 52 டிகிரி, செய்த நாள் 64. இன்னொன்று, அரைகுறையாக நிரப்பினால் சூடு சீக்கிரம் போய்விடும். சாப்பாடு குறைவென்றால் ஃபிளாஸ்க்கும் சின்னதாக வேண்டும். குடிக்கும் பதத்தில் எதையும் வைப்பதில்லை, கவிழ்ந்தால் மடி வெந்துவிடும். கெட்டியான, ஸ்பூனில் நிற்கிற சாப்பாடு மட்டும்.

குளிர்ச்சிக்கு ஐஸ் பேக். அதை டப்பாவின் மேல் வைக்க வேண்டும், குளிர்காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும். உறைய வைத்த சின்னத் தண்ணீர் பாட்டிலும் அதே வேலையைச் செய்யும், மதியம் உருகிக் குடிக்கவும் ஆகும். தயிரைக் கிண்ணத்தோடு உறைய வைத்து அனுப்பினேன். மதியத்துக்குள் இளகிவிடுகிறது, பக்கத்தில் இருப்பதும் குளிர்ந்தே இருக்கிறது. இது மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “இன்னிக்கு ஐஸ் தயிரா?” என்று காலையிலேயே கேட்பாள்.

எதைச் சூட்டில் வைப்பது, எதைக் குளிரில் வைப்பது என்பதும் இங்கேயே முடிவாகிவிட்டது. சோற்றின் மாவுச்சத்து ஆறியதும் மறுபடி இறுகிக்கொள்ளும்; ஃபிரிட்ஜ் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் அந்தக் கட்டி. ஆகவே சோறு ஃபிளாஸ்க்கில் மட்டும். குளிர் டப்பாவில் எண்ணெயில் புரட்டிய பாஸ்தா, அவித்த உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, சீஸ், மெல்லிய அடையாக ஊற்றிச் சுருட்டிய முட்டை. இவையெல்லாம் குளிர்ந்தாலும் தின்ன நன்றாகவே இருக்கும்.

டப்பாவையும் மாற்றினோம். நான்கு கொக்கிக்குப் பதில் ஒரே கொக்கி. வாங்கும்போது மகளையும் கடைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். ஒரு கையால் திறந்ததை எடுத்தோம். படம் போட்ட அழகான டப்பா ஒன்றை ஏக்கத்தோடு பார்த்தாள், ஆனால் அதைத் திறக்க முடியாமல் அவளே கீழே வைத்துவிட்டாள்.

முன்பல்

இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. ஐந்தாம் வாரம் ஒருநாள் இரவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், நான் வரைந்து வைத்த அந்த நட்சத்திரக் கடியைப் பார்த்து, “இது கடவாய்ப் பல்லால் கடித்தது” என்றாள். மகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னோம். மேல் முன்பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று நாக்கு பட்டாலே அசைந்தது.

ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் முன்பற்கள் விழுந்து முளைக்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வயதுக் குழந்தையின் டப்பாவில் முழு ஆப்பிளும் கனத்த பிரெட்டும் பச்சைக் கேரட் குச்சியும் வைக்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு வரவில்லை. “ஏன் சொல்லவில்லை கண்ணா?” என்றதற்கு, “வலிக்கலைப்பா, கடிக்கதான் வரல” என்றாள். குழந்தைக்கு அது ஒரு புகாராகவே தோன்றவில்லை. கடிக்க வரவில்லை, மூடி வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து டப்பாவில் இருக்கும் எதையும் முன்பல்லால் கடிக்க வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிரெட்டின் ஓரத்தை நீக்கி, உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்தி, உள்ளே அவித்து மசித்த கொண்டைக்கடலை விழுதைத் தடவி, சுருட்டி, விரல் கனத்தில் துண்டு போட்டேன். ஒரு துண்டு ஒரு வாய். கேரட்டைத் துருவிக் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தேன், அல்லது பாதி வேகவைத்தேன். ஆரஞ்சு உரித்துச் சுளையாகப் போனது. ஆப்பிள் மெல்லிய பிறைகளாகிவிட்டது.

ஆப்பிள் பழுப்பாவதற்கு ஒரு வார்த்தை. வெட்டினால் உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. அது கெட்டுப்போனது இல்லை, ஆனால் குழந்தைக்கு அப்படித்தான் தெரியும். ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் மதியம்வரை வெளுப்பாகவே இருக்கிறது. எலுமிச்சையும் இதைச் செய்யும், ஆனால் புளிப்பு ஒட்டிக்கொள்ளும். நோட்டில் எழுதியிருக்கிறேன்: உப்புத் தண்ணீர் ஆப்பிள் ஐந்தில் ஐந்து நாளும் காலி.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இதே கத்தி இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். முழுத் திராட்சை சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலைச் சரியாக அடைத்துக்கொள்ளும் அளவு கொண்டது. நீளவாக்கில் நான்காக வெட்டாமல் தரக்கூடாது.

ஈரமும் காய்ந்ததும்

ஊறிப்போன பிரெட்டை மறக்க முடியவில்லை. தக்காளியும் வெள்ளரியும் வெட்டியதும் தண்ணீர் விடும். உப்புத் தூவினால் இன்னும் அதிகம் விடும். பிரெட்டின் உட்புறம் முழுக்க, ஓரம்வரை, வெண்ணெய் தடவினால் அந்தக் கொழுப்பு தண்ணீரைத் தடுக்கும். காயை பிரெட்டில் நேராகப் படவிடாமல் சீஸ் துண்டுகளுக்கு நடுவே வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எங்கள் வீட்டில் பலித்தது இதைவிடச் சுலபமான வழி, எதையும் சேர்க்காமலே அனுப்புவது. ஒரு அறையில் பிரெட் சுருள், ஒன்றில் வெள்ளரி, சின்ன மூடிக் கிண்ணத்தில் விழுது. அவளே தொட்டுக்கொள்வாள். சேர்த்து வைத்தபோது திரும்பி வந்த அதே மூன்று பொருளும் பிரித்து வைத்தபோது தீர்ந்தன. தொட்டுத் தின்பதில் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, கை சும்மா இல்லை.

இரவுச் சமையலிலேயே மறுநாள் டப்பாவுக்கு ஒரு கை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். இரவு அவித்த உருளைக்கிழங்கில் பத்துத் துண்டு, கொண்டைக்கடலையில் ஒரு பிடி. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டினால் போதும். கடலையோடு தக்காளியோ ஆரஞ்சோ சேர்ந்துவிட்டால் அதில் இருக்கும் வைட்டமின் சி, பயறு வகை இரும்புச்சத்தை உடம்பு நன்றாக உறிஞ்ச உதவும். இது எனக்கு ஒரு திருப்தி. அவளுக்கு அது தெரிய வேண்டாம்.

பள்ளியில் வேர்க்கடலைக்குத் தடை, வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கடுமையான ஒவ்வாமை. சிலர் இதை முணுமுணுத்தார்கள். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. வறுத்த சூரியகாந்தி விதையையும் பூசணி விதையையும் பொடித்துத் தூவினோம்.

வாசனை

முட்டை பற்றி மகள் ஐந்தாம் வாரம்வரை வாயே திறக்கவில்லை. ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்: “அப்பா, முட்டை வைக்காதீங்க. பக்கத்துல இருக்கவ மூக்கைப் பொத்திக்கிறா.” எத்தனை நாளாக என்றேன். பதில் இல்லை.

ஒரு குழந்தை தன் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொரு குழந்தை மூக்கைப் பொத்தினால், அந்த டப்பா அதோடு முடிந்தது. சத்தும் ருசியும் அங்கே பேசாது. பல வீடுகளில் பிள்ளைகள் சொல்லாமல் வைத்திருக்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். “என்ன சாப்பிட்டே?” என்று கேட்பதை அன்றோடு விட்டேன். “இன்னிக்குப் பக்கத்துல யாரு உட்கார்ந்தா? முதல்ல எதைத் திறந்தே?” என்று கேட்க ஆரம்பித்ததும் கதையாகச் சொன்னாள். டப்பா பற்றிய தகவலெல்லாம் அந்தக் கதைக்குள் வந்துவிடும்.

முட்டையை அதிக நேரம் அவித்தால் கந்தக வாசனை கூடும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையமும் வரும். மஞ்சள் கரு முழுதும் கெட்டியானதும் நிறுத்திக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அவ்வளவு வராது. ஆனாலும் மூடிய டப்பாவில் ஐந்து மணி நேரம் கிடந்தால் கொஞ்சமாவது எழும். அதனால் அவித்த முட்டை வீட்டோடு நின்றது. அடையாக ஊற்றிச் சுருட்டிய முட்டை போகிறது, அதைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்தவில்லை என்று தோழியின் பெயரைச் சாட்சியாகச் சொன்னாள்.

புதியதும் அளவும்

புதுப்புது யோசனை தேடும் பெற்றோர் எல்லாரும் செய்கிற ஒன்றை நானும் செய்தேன்: புதிய பண்டத்தை நேரே டப்பாவில் வைத்து அனுப்பினேன். அது போனபடியே வந்தது. லீயான் பிர்ச் என்ற உளவியலாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய பழங்களையும் சீஸ் வகைகளையும் 20 முறை வரை தந்து பார்த்தார்கள். எத்தனை முறை கூடுதலாகச் சுவைத்தார்களோ அந்த அளவுக்கு விருப்பமும் கூடியது. ஒரு முறை வேண்டாம் என்றால் அது முடிவில்லை. ஆனால் அந்த இருபது முறையும் நடக்க வேண்டிய இடம் வீட்டுத் தட்டு. சத்தம், அவசரம், பக்கத்தில் பார்க்கும் கண்கள், இதற்கு நடுவில் ஏழு வயதுக் குழந்தை தெரியாத ஒன்றை வாயில் வைக்காது. இப்போது புதியது எதுவானாலும் இரவுச் சாப்பாட்டில் ஒரு ஸ்பூன். அங்கே நாலைந்து முறை பழகியதுதான் டப்பாவுக்குப் போகும், அதுவும் தெரிந்த பண்டத்தின் பக்கத்தில்.

அளவிலும் பிழை இருந்தது. காய்கறியும் பழமும் 6 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 350 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொன்னது. அதைப் படித்துவிட்டு நான் ஒரே டப்பாவில் திணித்துவிடப் பார்த்தேன். காலை, மாலை, இரவு என்று நாள் முழுக்க அதற்கு இடம் இருக்கிறது. ஆறாம் வாரம் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். செவ்வாய்க்கிழமை டப்பா முதன்முறையாகத் துடைத்த மாதிரி வந்தது. வியாழக்கிழமை, “சுருள் இன்னும் ரெண்டு வைக்கிறீங்களா?” என்றாள். வைத்தேன்.

கடைசி இரண்டு வாரம்

ஏழு, எட்டாம் வாரங்களில் பத்து நாளில் ஏழு நாள் டப்பா காலி. இரண்டு நாள் ஒரு அறை மட்டும் மீந்தது. ஒரு நாள் முழுசாகத் திரும்பியது. அன்று விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். பிஸ்கட் டின் இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது கை கழுவிவிட்டுத்தான் போகிறாள். காலையில் எனக்கு ஆகும் நேரம் நாற்பதிலிருந்து பதினைந்து நிமிடமாகிவிட்டது. நட்சத்திர அச்சு பரணில் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பச்சைப் பட்டாணியை எந்த வடிவத்திலும் தொடுவதில்லை, இரவுத் தட்டில் அது பதினோராவது முறை. ஃபிளாஸ்க்கின் மூடியைச் சில நாள் ஆசிரியர்தான் தளர்த்திக் கொடுக்கிறார். இரண்டு பண்டம் காட்டி ஒன்றை அவளே தேர்ந்து கட்டும் வெள்ளிக்கிழமைகளில் அவள் ஒவ்வொரு முறையும் பாஸ்தாவையே எடுக்கிறாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் வார வெள்ளிக்கிழமை மாலை வாசலிலிருந்தே டப்பாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பிஸ்கட் டின் பக்கம் போகவில்லை. “அப்பா, மெதுவா திறங்க” என்றாள். ஒற்றைக் கொக்கியைத் தட்டித் திறந்தேன். பாஸ்தா இல்லை, ஆப்பிள் இல்லை, தயிர்க் கிண்ணம் வழித்திருந்தது. பிரெட் வைக்கும் அறையில், மடித்த டிஷ்யூ பேப்பருக்குள், அவளுடைய முன்பல்.